சூத்திரத்துக்குள் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள்: பி.எஸ்சி. இயற்பியல் படித்த அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்து, இன்ஜினியரிங் கவுன்சலிங் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில், "பி.எஸ்சி. பிசிக்ஸ் எடுத்தா எதிர்காலம் இருக்கா சார்?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் ஒரு சிறிய ஊரில், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் படித்தவன். அதற்கு முன்பு பள்ளி முழுக்கத் தமிழ் வழி. பிறகு எம்.எஸ்சி. முடித்து, இப்போது அதே பாடத்தை இளங்கலை மாணவர்களுக்கு நடத்துகிறேன். எதிர்காலம் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பேச வேண்டியது, அந்த மூன்று வருடம் உட்கார்ந்து எப்படிப் படிப்பது என்பது. ஏனென்றால் இந்தப் பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு வாங்கிக்கொண்டே இயற்பியல் கைக்கு வராமல் வெளியே வந்துவிட முடியும். அப்படி வருகிறவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வித்தாள் கேட்டதை ஒழுங்காகப் படித்தவர்கள் அவர்கள். கேள்வித்தாள் கேட்காததையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். எந்தச் சூத்திரத்தைத் தருவித்தாலும் அதற்குள் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். எந்த எண்ணை லேபில் அளந்தாலும், அது எந்த அளவுக்கு நம்பத் தகுந்தது என்று கேளுங்கள். எனக்கு இயற்பியல் பிடிபட்டது இந்த இரண்டு பழக்கத்தால்தான்.

முதல் பழக்கம் முதல் செமஸ்டரிலேயே வந்தது. பருப்பொருளின் பண்புகள் நடத்திய சார், திரவமோ காற்றோ தனக்குள் நகரும் உருண்டையை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஸ்டோக்ஸ் விதியை வைத்து, விழும் பொருள் கடைசியில் எட்டும் மாறாத வேகத்துக்கான, அதாவது முற்றுத்திசைவேகத்துக்கான சூத்திரத்தைப் போர்டில் முடித்தார். நாங்களும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டோம். பத்து மார்க் கேள்வி, எப்படியும் வரும். அவர் சாக்பீஸைக் கீழே வைக்காமல், "சரி, இப்ப இதை ஒரு மழைத்துளிக்குப் போடுங்க. ஆரம் ஒரு மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க. காற்றோட பாகியல் எண் 0.000018" என்றார். பாகியல் எண் என்பது திரவமோ காற்றோ ஓட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு.

போட்டுப் பார்த்தால் ஒன்பதில் இரண்டு பங்கு, ஆரத்தின் வர்க்கம், நீரின் அடர்த்தி 1000, ஈர்ப்பு முடுக்கம் 9.8, எல்லாவற்றையும் பெருக்கிப் பாகியல் எண்ணால் வகுத்தால் விநாடிக்கு சுமார் 121 மீட்டர் வருகிறது. அதாவது மணிக்கு 435 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மழை பெய்தால் குடை தாங்காது, ஓலைக் கூரை தாங்காது. வகுப்பில் எல்லோரும் தசமப்புள்ளியை எங்கேயோ விட்டுவிட்டோம் என்று நினைத்து மறுபடி கணக்கைப் போட்டோம். அதே விடைதான் வந்தது. உண்மையில் அந்த அளவுத் துளி விநாடிக்கு ஆறு ஏழு மீட்டர் வேகத்தில்தான் விழுகிறது.

கணக்கு சரி, சூத்திரமும் சரி, ஆனால் விடை உலகத்தோடு ஒட்டவில்லை. ஏன் என்று தேடும்போதுதான் ஸ்டோக்ஸ் விதி எந்த நிபந்தனையில் வந்தது என்று திரும்பிப் பார்க்கிறோம். பாய்மம் பொருளைச் சுற்றி அமைதியாக, சுழல் இல்லாமல் ஓட வேண்டும். ஓட்டம் எவ்வளவு கொந்தளிப்பானது என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் ஒன்றைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். நாம் கண்டுபிடித்த 121 மீட்டர் வேகத்தை வைத்து ரெனால்ட்ஸ் எண்ணைக் கணக்கிட்டால் 16,000 வருகிறது. ஆக அந்தத் துளிக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. அதே சூத்திரத்தில் மேகத்துக்குள் இருக்கும் நுண்துளியைப் போடுங்கள், ஆரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. விடை விநாடிக்கு 1.2 சென்டிமீட்டர். இது சரியான விடை. மேகம் ஏன் தலையில் விழாமல் மேலேயே நிற்கிறது என்பதற்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. அவ்வளவு மெதுவாக இறங்கும் துளியைத் தாங்க, மேலெழும் லேசான காற்றே போதும்.

பாடநூலில் நிபந்தனைகள் ஒரு வரியில் இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடுவோம். எண் போட்டபோது அந்த ஒரு வரிதான் பாடமே என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தருவிப்பும் முடிந்த பிறகு நோட்டில் கீழே நாலு விரற்கடை இடம் விட்டு வைப்பேன். அந்த இடத்தில் மூன்று வேலை செய்ய வேண்டும். பரிமாணம் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்து, ஏதாவது ஒரு அளவைப் பூஜ்யத்துக்கோ முடிவிலிக்கோ கொண்டுபோனால் எதிர்பார்த்தது வருகிறதா என்று பார்ப்பது. கடைசியாக, தெரிந்த பொருள் ஒன்றுக்கு எண் போடுவது. வெப்பத்தை வேலையாக மாற்றும் இலட்சிய இயந்திரமான கார்னோ இயந்திரமா, அனல் மின்நிலைய நீராவியின் வெப்பநிலையைப் போடுங்கள். பெட்டிக்குள் இருக்கும் எலக்ட்ரானா, பெட்டியின் அகலத்தை ஒரு நானோமீட்டர் என்று வைத்து ஆற்றலைக் கணக்கிடுங்கள், 0.38 எலக்ட்ரான் வோல்ட் வரும். அப்புறம் அதே பெட்டிக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட முடியாது என்பதால் பெட்டியைப் பத்து சென்டிமீட்டர் ஆக்கிக் கணக்கிடுங்கள். அன்றாட வாழ்க்கையில் ஏன் குவாண்டம் மட்டங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று அந்த எண்ணே சொல்லிவிடும். ஒரு தருவிப்புக்குப் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். மறந்துபோகாமல் இருப்பதால் பரீட்சைக்கு முந்தைய வாரம் அந்தப் பத்து நிமிடம் பல மடங்காகத் திரும்பி வரும்.

கணிதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இயற்பியலில் தடுமாறுகிற மாணவர்களை உட்காரவைத்துப் பேசினால் பாதிக்கு மேல் கணிதத்தில்தான் சிக்கிக்கொண்டிருப்பார்கள். முதல் வருடத்தில் அலைடு பேப்பராக, அதாவது துணைப் பாடமாகக் கணிதம் வரும். அதை வேறு துறையிலிருந்து வந்து நடத்துவார்கள், உதாரணங்கள் எல்லாம் கணிதக்காரர்களுடையதாக இருக்கும், அதனால் பாஸ் ஆனால் போதும் என்று விட்டுவிடுவது வழக்கம். தயவுசெய்து விடாதீர்கள். இரண்டாம் வருடத்தில் மின்காந்தவியல் வரும்போது வெக்டர் கணிதத்தின் டைவர்ஜென்ஸும் கர்லும் கைப்பழக்கமாக இருக்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் குவாண்டம் இயக்கவியல் வரும்போது இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டைப் பார்த்தவுடன் தீர்வின் வடிவம் தோன்ற வேண்டும். நான் செய்தது எளிய வேலை: தினமும் காலையில் காப்பி குடித்த கையோடு ஒரு தொகையிடலும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடும். விடை பார்க்காமல். முடியவில்லை என்றால் அதையே மறுநாளும். பள்ளியில் கணிதம் பயமுறுத்தியவர்களுக்கும் இது பலன் தருவதை என் மாணவர்களிடம் பார்த்திருக்கிறேன். கணிதம், வேதியியல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கல்லூரியாக இருந்தால் யோசிக்காமல் கணிதத்தை எடுங்கள். வேலைவாய்ப்பு பற்றிப் பேசும்போது இன்னொரு காரணமும் சொல்கிறேன்.

செமஸ்டர் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. பழைய கேள்வித்தாள் ஐந்து வருடத்துக்கு எடுத்து யூனிட் வாரியாகப் பிரித்து வைத்தால் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். அதை முழுசாகப் படித்து, படம் வரைந்து எழுதினால் மார்க் வரும். இந்த வேலையைக் குறைவாக எண்ண வேண்டாம். மேற்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் சதவீதம் கேட்பார்கள். அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டரில் மூச்சு வாங்கிவிடும். செமஸ்டரின் கடைசி மூன்று வாரத்தைத் தேர்வுக்குக் கொடுங்கள். மற்ற நாட்களை இயற்பியலுக்குக் கொடுங்கள்.

இனி லேப். எனக்கு மனசு நிறைந்து பேச வேண்டிய இடம் இதுதான்.

பிராக்டிகல் என்றாலே பல கல்லூரிகளில் ஒரு நடைமுறை உண்டு. சீனியர் ரெக்கார்டு நோட் கைமாறி வரும். அதில் விடை என்ன என்று முதலில் பார்த்துக்கொள்வார்கள். ஆடும் சட்டத்தை வைத்து ஈர்ப்பு முடுக்கம் காணும் கூட்டு ஊசல் என்றால் 9.8 வர வேண்டும். வராவிட்டால் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அளவீடுகளைத் திருத்தி 9.8 வரவழைத்து விடுவார்கள். இன்னும் கவனமானவர்கள் 9.81 வரவழைப்பார்கள்.

இதில் வருத்தம் என்னவென்றால், நம் ஊரில் ஈர்ப்பு முடுக்கம் 9.81 கிடையாது. பூமி சுழல்வதாலும் நடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதாலும் ஈர்ப்பு முடுக்கம் துருவத்தில் 9.83 ஆகவும் நடுக்கோட்டில் 9.78 ஆகவும் இருக்கிறது. தமிழ்நாடு நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், சுமார் 8 டிகிரியிலிருந்து 13.5 டிகிரி அட்சரேகைக்குள் இருப்பதால் நமக்கு 9.78தான். ஐரோப்பிய அட்சரேகைக்கான எண்ணைப் பாடநூலில் பார்த்து, தன் கையால் சரியாக அளந்த 9.78ஐ அழித்துவிட்டு 9.81 எழுதுகிற பிள்ளையை நினைத்தால் எனக்குத் தாங்காது. உண்மையை அளந்துவிட்டு அதை ரப்பரால் அழிக்கிறது அந்தப் பிள்ளை.

சரி, நம் லேபில் இருக்கும் ஊசலால் 9.78க்கும் 9.81க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்விதான் இரண்டாவது பழக்கம். ஒரு மீட்டர் சட்டத்தில் செய்த கூட்டு ஊசலின் அலைவு நேரம் குறைந்தபட்சம் ஒன்றரை விநாடி. வழக்கமாக 20 அலைவுக்கு நேரம் பார்ப்போம், 30 விநாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் நம் கை 0.2 விநாடி முன்பின் ஆகும். 30இல் 0.2 என்றால் 0.7 சதவீதம். சூத்திரத்தில் அலைவு நேரத்தின் வர்க்கம் வருவதால் பிழை இரட்டிப்பாகி 1.3 சதவீதம். அதாவது விடை 0.13 அளவுக்கு மேலும் கீழும் போகலாம். 9.78, 9.81, 9.7, 9.9 எல்லாம் ஒன்றுதான் அந்த அளவீட்டுக்கு. 100 அலைவு எண்ணுங்கள். 150 விநாடியில் 0.2 என்பது 0.13 சதவீதம், விடையில் பிழை 0.03க்குள் வந்துவிடும். அதையே சில தடவை திரும்பச் செய்து சராசரி எடுத்தால் 9.78ஐ 9.81இலிருந்து பிரித்துப் பார்த்துவிடலாம். நீளத்தையும் அதே கவனத்தோடு அளக்க வேண்டும், ஊசலைச் சின்ன வீச்சிலேயே ஆடவிட வேண்டும். வீச்சு 20 டிகிரி போனால் அலைவு நேரம் 0.77 சதவீதம் கூடிவிடும், விடை 9.6 பக்கம் இறங்கிவிடும். 5 டிகிரியில் அந்தக் கூடுதல் வெறும் 0.05 சதவீதம். லேபில் "5 டிகிரிக்குள்ள ஆட்டு" என்று சொல்வது இதனால்தான்.

பிழைக் கணக்கு தெரிந்தால் எங்கே கவனம் வைப்பது என்று தெரியும். சட்டத்தை வளைத்து அதன் மீள்தன்மையின் அளவான யங் குணகம் கண்டுபிடிக்கும்போது சட்டத்தின் தடிமன் மூன்றாம் அடுக்கில் வருகிறது. கம்பி முறுக்கை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் விறைப்புக் குணகத்தைக் காணும் முறுக்கு ஊசலில் கம்பியின் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியில் திருகு அளவி ஒரு பிரிவு தவறினால், அதாவது 0.01 மில்லிமீட்டர் தவறினால், விறைப்புக் குணகத்தில் 4 சதவீதம் பிழை வந்து நிற்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் கம்பியின் விட்டத்தை ஓர் இடத்தில் அவசரமாகப் பார்த்துவிட்டு, அலைவு நேரத்தை மூன்று தசமத்துக்கு எழுதுவார்கள். கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு திசையில் பாருங்கள். சோதனையின் தரம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் லேபில் அட்டெண்டராக ஓர் அண்ணன் இருந்தார். நகரும் நுண்ணோக்கியில், லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தெரியும் ஒளி வளையங்களான நியூட்டன் வளையங்களுக்கு ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, ஸ்க்ரூவை ஒரே பக்கமா திருப்பிட்டே வாங்க. வளையத்தைத் தாண்டிட்டா பின்னாடி வராதீங்க, மறுபடி முதல்லேர்ந்து வாங்க" என்றார். ஏன் அண்ணா என்று கேட்டதற்கு, திருகைப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். கை திரும்புகிறது, நுண்ணோக்கி அப்படியே நிற்கிறது. மரைக்கும் திருகுக்கும் இடையில் இருக்கும் தளர்ச்சி. பாடநூலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் எனக்கு அது புரிந்தது அவருடைய விரல்களைப் பார்த்துத்தான். லேப் அட்டெண்டர்களிடம் மரியாதையோடு பழகுங்கள், கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கருவி எப்படி அடம்பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், பிடித்தமான கேள்வி ஒன்று: நியூட்டன் வளையங்களில் ஒரு வளையத்தின் விட்டத்தை நேராகப் பயன்படுத்தாமல் ஏன் இரண்டு வளையங்களின் விட்ட வர்க்கங்களைக் கழிக்கிறோம்? மையத்தில் லென்ஸும் கண்ணாடியும் சரியாக ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு தூசி போதும். அப்படியிருக்கும்போது எது முதல் வளையம், எது ஐந்தாவது என்ற எண்ணிக்கையே சந்தேகம். கழித்துவிட்டால் அந்தச் சந்தேகம் விடையில் வராது. தெரியாத ஒன்றைக் கழித்து வெளியேற்றும் இந்த உத்தி லேப் முழுக்க வருகிறது. ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் நுண்கோடுகள் கொண்ட கீற்றணியில் இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்துப் பாதி எடுப்பதும், இரண்டு வெர்னியரும் பார்ப்பதும் அதே உத்திதான். ஒரு தடவை புரிந்துகொண்டால் பத்து சோதனைக்கு நடைமுறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கீற்றணி என்றதும், ஒளிக்கோடு விலகும் கோணத்தை அளக்கும் நிறமாலைமானியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இருட்டறையில் சோடியம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சட்டை, நோட்டு, முகம் எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும். அங்குலத்துக்கு 15,000 கோடுள்ள கீற்றணியை வைத்தால் முதல் வரிசையில் மஞ்சள் கோடு 20 டிகிரி 22 நிமிடத்தில் வரும் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு நிமிடம்). எல்லோரும் ரீடிங் எடுத்துவிட்டு அலைநீளம் 589.3 நானோமீட்டர் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். பிளவை முடிந்த அளவு குறுகலாக்குங்கள், தொலைநோக்கியை இரண்டாம் வரிசைக்கு, 44 டிகிரிப் பக்கம் கொண்டுபோங்கள். குவியத்தைப் பொறுமையாகச் சரிசெய்யுங்கள். ஒரு கோடு இரண்டாகப் பிரியும். 589.0, 589.6. முதல் வரிசையில் இரண்டுக்கும் இடைவெளி ஒன்றேகால் நிமிடம்தான். இரண்டாம் வரிசையில் மூன்றரை நிமிடம், அதனால் தெளிவாகத் தெரிகிறது. எலக்ட்ரானின் தற்சுழற்சி பற்றி மூன்றாம் வருடத்தில் படிக்கப் போகிறீர்கள். அதற்கான சாட்சி இரண்டாம் வருடத்து இருட்டறையிலேயே கண்ணெதிரே நிற்கிறது. அதை முதன்முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும் மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்து அதைக் காட்டுகிறேன்.

நிறமாலைமானியின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, ஒரு நிமிடம். ஒரு நிமிடம் தவறினால் முதல் வரிசையில் அலைநீளம் அரை நானோமீட்டர் தவறும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒரு தடவை கொடைக்கானல் போயிருந்தேன். அங்கே 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். டாப்ளர் விளைவால் நிறமாலைக் கோடு இடம் மாறியதை வைத்துச் சொன்னார். வேகம் விநாடிக்கு ஓரிரு கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு அலைநீளம் எவ்வளவு மாறும்? ஒளியின் வேகத்தால் வகுத்துப் போட்டுப் பாருங்கள், 0.004 நானோமீட்டர் அளவுதான் வரும். நம் லேப் கருவி காட்டக்கூடியதைவிட நூறு மடங்குக்கு மேல் நுணுக்கம். நம் மலை ஒன்றின்மேல் உட்கார்ந்து, நூறு வருடத்துக்கு முன்னால் அதை அளந்திருக்கிறார்கள். கையால் நிறமாலைமானியைத் திருகியவர்களுக்குத்தான் அந்தச் சாதனையின் அளவு புரியும். வாணியம்பாடியிலிருந்து போகும் வழியில், ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் ஆய்வகத்துக்கும் ஒரு தடவை போய்வாருங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது.

தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். வகுப்பில் ஆங்கிலம் ஓடும்போது, தெரிந்த பாடமே தெரியாத பாடம் போலத் தோன்றும். நான் ஒரு நீள நோட்டை இரண்டாக மடித்து, இடது பக்கம் ஆங்கிலச் சொல்லும் வலது பக்கம் பள்ளியில் படித்த சொல்லும் எழுதி வந்தேன். ஒரு செமஸ்டரிலேயே அந்த நோட்டு தேவைப்படாமல் போய்விட்டது. இயற்பியலில் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் குறைவு, அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். யோசிப்பதைத் தமிழிலேயே யோசியுங்கள். நண்பனுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல முடிந்ததை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். இன்றைக்கும் நான் போர்டில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழில்தான் விளக்குகிறேன்.

பாடத்திட்டம் பழசு என்று மாணவர்கள் குறைப்படுவது உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது தடையாக வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் வானியற்பியலாளர் சந்திரசேகர் இளங்கலை படித்துக்கொண்டிருந்த 1928இல் ஜெர்மனியிலிருந்து இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணுவியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்த சந்திரசேகர் ஹோட்டலுக்கே போய் அவரைச் சந்தித்தார். நீ படித்த அந்த இயற்பியல் மாறிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், அச்சுக்குப் போகவிருந்த தன் கட்டுரையின் மெய்ப்பைக் கொடுத்தார். எலக்ட்ரான் போன்ற துகள்கள் கூட்டமாக எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் ஃபெர்மி-டிராக் புள்ளியியலைச் சந்திரசேகர் தெரிந்துகொண்டது அதிலிருந்து. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெள்ளைக் குறுவிண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று அவர் கணக்கிட்டது அந்தப் புள்ளியியலைக் கொண்டுதான். வகுப்பில் இல்லாததைத் தேடிப் போய்க் கேட்டார். நமக்கு ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் முழுப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஆனால் வீடியோ பார்ப்பதைப் படிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அரை மணி பார்த்தால் ஒரு மணி நேரம் பேப்பரில் போட்டுப் பார்க்க வேண்டும்.

பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய புரோகிராமர் ஆக வேண்டியதில்லை, ஊசலின் சமன்பாட்டைப் படிப்படியாகத் தீர்க்கிற முப்பது வரி எழுதினால் போதும். வீச்சு 60 டிகிரி ஆனால் அலைவு நேரம் 7 சதவீதம் கூடுவதை நீங்களே பார்ப்பீர்கள். லேப்டாப் இல்லாதவர்கள் போனிலேயே பிரவுசரில் எழுதி ஓட்டலாம். என் மாணவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது எதிர்காலம். மேலே படிக்க நினைப்பவர்கள் ஜாம் என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதலாம். ஐஐடிகளில் எம்.எஸ்சி.யும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யும் அதன் வழியாகக் கிடைக்கும். இயற்பியல் தாளில் 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 20 கேள்விக்கு விடைத் தெரிவுகளே கிடையாது, எண்ணை நீங்களே கணக்கிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் வருடத்திலிருந்து எண் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பகுதி கைவந்த வேலை. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் இளங்கலை மாணவர்களுக்கு என்றே ஒரு தேசியத் தேர்வு நடத்துகிறது. பரிசு கிடைக்காவிட்டாலும் உங்கள் நிலை எங்கே என்று தெரிந்துகொள்ள அதை எழுதிப் பாருங்கள். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து வழங்கும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் ஆராய்ச்சி நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

வேலைக்குப் போக வேண்டிய வீட்டு நிலைமை இருப்பவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கு இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். கணித அலைடு எடுக்கச் சொன்னதற்கு இதுதான் இன்னொரு காரணம். இந்திய வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கும் இயற்பியல் பட்டம் செல்லும். பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் தேர்வுகள். அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. இருக்கிறது, புற்றுநோய் சிகிச்சையில் கதிர்வீச்சு அளவைத் திட்டமிடும் வேலை. அளவீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே ஓர் உயிரின் எடை உண்டு. ஐ.டி. கம்பெனிகளும் பி.எஸ்சி. பட்டதாரிகளை எடுக்கின்றன. குடும்பச் சூழ்நிலையால் அங்கே போகிறவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

மூன்றாம் வருடத்தில் ப்ராஜெக்ட் வரும். கடையில் காசு கொடுத்துச் செய்து வாங்குவது பரவலாக இருக்கிறது. அதற்குச் செலவழிக்கும் பணமும் ஒரு செமஸ்டரும் வீண். சின்னதாக, சொந்தமாக ஒன்றை அளந்து பாருங்கள். என் மாணவிகள் நாலு பேர் சேர்ந்து ஒலியின் வேகம் வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று எடுத்தார்கள். இரண்டு போன், ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப், ஒரு அளவு நாடா, ஒரு வெப்பமானி, செலவு அவ்வளவுதான். கல்லூரியின் நீண்ட வராந்தாவில் பத்து மீட்டர் இடைவெளியில் போன்களை வைத்து, இரண்டு முனையிலும் நின்று கைதட்டினார்கள். முதல் தட்டில் இரண்டு போனிலும் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவது தட்டில் நிற்கும். இரண்டு போனும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி போய்த் திரும்பும் நேரம்: சுமார் 58 மில்லி விநாடி. மார்கழிக் காலையில் செய்தார்கள், பங்குனி மதியத்தில் செய்தார்கள். ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், 36 டிகிரியில் 353 மீட்டர் என்று கணக்கு சொல்கிறது. அவர்களுக்குக் கிடைத்த எண்களும் அந்தப் பக்கமே இருந்தன. ஆனால் மதிய அளவீடுகள் அதிகமாகச் சிதறியிருந்தன. மதியம் வராந்தாவில் காற்று ஓடியதால்தான் சிதறலோ என்று சந்தேகப்பட்டு, கதவுகளை அடைத்துவிட்டு மறுபடி எடுத்தபோது சிதறல் குறைந்தது. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக வந்தவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "காற்று ரெண்டு பக்கமும் போகும் வரும், போய்த் திரும்பினா கழிஞ்சு போயிடாதாம்மா?" என்று கேட்டார். ஒரு மாணவி எழுந்து, சீராக அடிக்கும் காற்றென்றால் ஏறக்குறைய கழிந்துவிடும், விட்டு விட்டு அடித்தால் கழியாது சார், முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் எங்களுக்கு நாலைந்து விநாடி ஆகிவிட்டது என்று சொல்லி, நோட்டைத் திறந்து, கதவு திறந்திருந்தபோது எடுத்தவை தனி, அடைத்தபின் எடுத்தவை தனி என்று பிரித்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.